குவேக்குக்கு ஒரு கோட்டை மேப் கட்டியிருக்கிறேன், விளையாடிப் பார்த்துச் சொல்லுங்கள்

கல்தச்சன் | ஞாயிறு இரவு

வணக்கம். ஏழு மாதமாக இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து கட்டிய மேப் (விளையாட்டுக்குள் ஓடித் திரியும் களம்) ஒன்றை இணைத்திருக்கிறேன். 1996 ஜூனில் வந்த முதல் குவேக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கானது. விளையாட்டையே மாற்றும் மோட் எதுவும் வேண்டாம், ஐடி1 ஃபோல்டருக்குள் மேப்ஸ் என்ற இடத்தில் போட்டுக் கன்சோலில் பெயரை அடித்தால் ஓடும். குவேக்கை இந்தக் காலக் கம்ப்யூட்டரில் ஓட்டும் குவேக்ஸ்பாஸம், ஐயன்வெயில் இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

குவேக்கிலேயே கோட்டைகள் உண்டு. முதல் எபிசோடில் 'காசில் ஆஃப் தி டாம்ன்ட்', இரண்டாவதில் 'ஓகர் சிட்டாடல்', 'எபன் ஃபோர்ட்ரஸ்'. பள்ளி நாட்களிலிருந்து நான் திரும்பத் திரும்ப விளையாடுவது இவற்றைத்தான். ஆனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு ஏற்ப அவை இறுக்கமான அறைகளாகவே இருக்கும். தூரத்தில் நின்று, அதோ கோட்டை, அங்கேதான் போகப் போகிறேன் என்று அண்ணாந்து பார்க்க வேண்டும், அந்த ஆசையில்தான் இதைத் தொடங்கினேன்.

மாதிரிக்கு இங்கிலாந்தின் ராசெஸ்டர் கோட்டையை எடுத்துக்கொண்டேன். 1127 வாக்கில் கட்டத் தொடங்கிய சதுரக் கோபுரம், உயரம் ஏறக்குறைய 34 மீட்டர். ஒரு மீட்டருக்கு 32 யூனிட் (குவேக்கின் நீள அளவு) என்று கணக்கு வைத்தால் 1088 யூனிட் வருகிறது, அதை அப்படியே வைத்தேன். உள்ளே நட்டநடுவில் ஒரு குறுக்குச் சுவர், அது கட்டடத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நான்கு தளம். வெள்ளிச் சாவி அடித்தளத்தில், தங்கச் சாவி உச்சியில், வெளியேறும் வாசல் முற்றத்தில் இருக்கும் தேவாலயத்துக்குக் கீழே.

எனக்குத் தெரிந்த குறை ஒன்று. தங்கச் சாவியை எடுத்ததும் அதே படிகளில் திரும்பி இறங்க வேண்டும், வழியில் எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள், அந்த ஒரு நிமிடம் மேப் செத்துவிடுகிறது. டெலிபோர்ட்டர் வைத்து முடித்துவிட மனமில்லை. யோசனை இருந்தால் சொல்லுங்கள்.


ஓகர்வேட்டை | திங்கள்

நேற்றே இறக்கி ஹார்ட் என்ற கடினமான நிலையில் விளையாடினேன். 34 நிமிடம், இரண்டு முறை செத்தேன், மூன்று ரகசிய அறைகளில் ஒன்றுதான் கிடைத்தது.

முதலில் அந்தப் பாலத்தைப் பற்றிப் பேச வேண்டும். பனிமூட்டம் மாதிரி மங்கிய வானம், அகழி, எதிரே அவ்வளவு பெரிய சுவர். கையில் ஷாட்கன், 25 தோட்டா. மதில் மேலே ஓகர் என்ற அரக்கர்கள் இரண்டு கிரெனேட் வீசுகின்றன. பழைய குவேக் ஓகருக்கு உயரம் பார்த்துக் குறி வைக்கத் தெரியாது இல்லையா, நாம் அதன் தளத்திலேயே நிற்பதாக நினைத்துத்தான் எறியும், அதனால் எல்லாம் தலைக்கு மேல் போய் என் பின்னால் விழுந்து உருண்டு வெடித்தன. பின்னால் போனால் சாவு, முன்னால் ஓடிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் பிழைப்பு. வாசலுக்குள் என்னை நீங்கள் துரத்தவில்லை, ஓகர்தான் துரத்தியது. இது திட்டமிட்டுச் செய்ததென்றால் கையைக் கொடுங்கள்.

முற்றத்தில் வாள் வீரர்களான நைட்கள் கூட்டமாக வரும்போது மேலேயிருந்து வரும் கிரெனேட் ஒன்று அவர்கள் மேலேயே பட்டு, மூன்று பேர் என்னை விட்டுவிட்டு ஓகரைப் பார்த்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு சுவரடியில் நின்றார்கள். நைட்டுக்கு 75 ஹெல்த்தான், நின்ற இடத்திலேயே முடித்தேன்.

குறை: இரண்டாம் தளத்துப் பெரிய கூடத்தில் ஷாம்ப்ளர் என்ற பெரிய மிருகம். 600 ஹெல்த், கிரெனேட்டும் ராக்கெட்டும் அதற்குப் பாதிதான் உறைக்கும், மறைய ஒரு தூண்கூட இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துச் சுட்டேன், எனக்கே பிடிக்கவில்லை. அப்புறம் தங்கச் சாவிக்குப் பிறகு நீங்கள் சொன்ன அதே சோர்வு, அது உண்மைதான்.


மூன்றாம்சாவி | திங்கள்

அருமை. ஒரு பிழை: அடித்தளத்தில் கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் குதித்தேன், மாட்டிக்கொண்டேன். மோதலுக்கு விளையாட்டு கணக்கில் எடுக்கும் ஆள் பெட்டி 32 யூனிட் அகலம், நீங்கள் விட்ட இடமும் சரியாக 32 போலத் தெரிகிறது. அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் 48 ஆக்குங்கள்.

வட்டப் படிக்கட்டு ரொம்பப் பிடித்தது. படி 16 யூனிட் உயரம் என்பதால் தடுக்காமல் ஓட முடிகிறது.


நிலவறை | திங்கள் இரவு

கட்டுமானம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக மேப் கட்டுகிறவள், சொல்ல வேண்டியதை நேராகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அந்த ஒரு நிமிடச் சாவு, நோயின் வெளி அறிகுறி. நோய் என்னவென்றால் நீங்கள் நிஜக் கோட்டையைக் கட்டியிருக்கிறீர்கள். நிஜக் கோட்டை எதற்கு? வருகிறவன் உள்ளே வராமலிருக்க. ஒரே வாசல், ஒரே படி, குறுகலான வழி, முட்டுச்சந்து. படையெடுத்து வருகிறவனைச் சலிக்க வைத்துக் கொல்வதற்காகவே யோசித்துக் கட்டியது. குவேக் நேரெதிர். ஆள் வினாடிக்கு 320 யூனிட் ஓடுகிறான். ஓடுகிறவனுக்குச் சுற்றி வர வழி வேண்டும், ஒரு அறைக்கு இரண்டு வாசலாவது வேண்டும், பின்வாங்கினால் வேறு பக்கமாக மறுபடி நுழைய வேண்டும். குவேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ரோமேரோவின் ஓகர் சிட்டாடலை இப்போது திறந்து பாருங்கள். அவர் 2006-இல் மூல மேப் கோப்புகளையே பொதுவில் கொடுத்துவிட்டார், ட்ரெஞ்ச்ப்ரூம் என்ற மேப் எடிட்டரில் திறக்கலாம். போன இடத்துக்கே வேறொரு உயரத்தில் திரும்பி வருவீர்கள், அதைக் கவனித்துப் பாருங்கள். அளவு நாடாவை வைத்துக் கோட்டை கட்டினால் அருங்காட்சியகம் வரும், விளையாட்டு வராது.


கல்தச்சன் | செவ்வாய்

நிலவறை அக்கா, நன்றி. இரண்டு தடவை படித்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன்.

வழி பற்றாது என்பது சரி. ஆனால் எங்கே வேண்டுமானாலும் வாசல் திறந்துவிட்டால் அது கோட்டையாக இருக்காதே. ஓகர்வேட்டை பாலத்தில் ஓடியதைச் சொன்னார் பாருங்கள், அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது? எதிரே இருப்பது என்னை உள்ளே விடக் கூடாது என்று கட்டிய கட்டடம் என்பதிலிருந்துதான். நான் கோட்டையை ஏமாற்றி உள்ளே போகிறேன் என்ற உணர்வு வேண்டும். நாலு பக்கமும் திறந்த மண்டபத்தை எப்படி ஏமாற்றுவது?

ஓகர்வேட்டைக்கு: பாலத்தில் நடப்பது பாதி திட்டம், பாதி தற்செயல். முதலில் கிரெனேட் படவேயில்லை என்று ஓகர்களைக் கீழே இறக்கினேன். அப்புறம் பின்னால் விழுவதே நல்லது என்று புரிந்து மறுபடி மேலே ஏற்றினேன். ஷாம்ப்ளர் கூடத்தைக் கட்டாயம் மாற்றுகிறேன்.


புதுச்செங்கல் | செவ்வாய்

அண்ணா, அக்கா, நான் மேப் கட்டத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. குறுக்கே வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். இரண்டு சந்தேகம்.

ஒன்று, கீல் வைத்துச் சாய்ந்து இறங்குகிற தூக்குப் பாலம் எப்படிச் செய்வது? கல்தச்சன் அண்ணா மேப்பில் பாலம் பக்கவாட்டில் நீண்டு வருகிறது, சாய்ந்து இறங்கவில்லை.

இரண்டு, என் முற்றத்துக்கு மேல் திறந்த வானம் வேண்டும். கம்பைல் செய்தால் (மேப்பை விளையாட்டுக்கான கோப்பாக மாற்றினால்) லீக், அதாவது ஓட்டை, என்று வருகிறது. ஆகவே மொத்த மேப்பையும் சுற்றிப் பெரிய வானப் பெட்டி ஒன்று போட்டேன், லீக் போய்விட்டது, ஆனால் கம்பைலின் ஒரு கட்டமான விஸ் ராத்திரி முழுக்க ஓடியும் முடியவில்லை.


கல்தச்சன் | செவ்வாய் இரவு

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. பாலம் முதலில். மோட் இல்லாத குவேக்கில் எதுவும் சுழலாது. கதவு என்ற என்டிட்டி (மேப்பில் தனியாக வைக்கும் பொருள்) ஒரு நேர்கோட்டில் நகரும், அவ்வளவுதான். 1997-இல் வந்த 'ஸ்கர்ஜ் ஆஃப் ஆர்மகான்' என்ற மிஷன் பேக்கில்தான் சுழலும் பொருள்களைச் சேர்த்தார்கள். அதிலும் சுழல்கிற பிரஷ் (மேப்பைக் கட்டும் திடத் துண்டு) பார்வைக்கு மட்டும்தான் சுழலும், மோதலுக்குத் தனியாகக் கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்து ஒட்ட வேண்டும். நான் மோட் வேண்டாம் என்று முடிவு செய்ததால் நீளும் பாலம்.

வானப் பெட்டியை இன்றே எடுத்துவிடு. அந்தப் பெட்டிக்குள் உன் கோட்டையின் வெளிப்புறச் சுவர்கள், கூரையின் மேல்பக்கம், யாரும் எப்போதும் பார்க்காத முதுகுகள் எல்லாம் உள்ளே வந்துவிடும், விஸ் ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து எது தெரியும் என்று கணக்குப் போடும், லைட்டும் அத்தனைக்கும் ஒளி பூசும். முற்றத்தின் மதில் உச்சியில் மட்டும் வான டெக்ஸ்சர் பிரஷை மூடி மாதிரி வை. மதிலைத் தாண்டிக் கோபுரம் தெரிய வேண்டுமென்றால் அந்தப் பக்கம் மட்டும் மூடியை உயர்த்து. எங்கே ஓட்டை என்று தெரியாவிட்டால் லீக்கின்போது உருவாகும் பாயின்ட் ஃபைலை எடிட்டரில் ஏற்று, ஒரு கோடு உன்னை ஓட்டைக்கே கூட்டிப்போகும். தூண் அலங்காரம், ஞாயில் (மதில் உச்சிப் பல்) வரிசை மாதிரி சின்னச் சின்னப் பிரஷ்களை எல்லாம் டீட்டெய்லாக மாற்று, விஸ் அவற்றைக் கணக்கில் எடுக்காது. எரிக்டபிள்யூ டூல்ஸில் கம்பைல் செய்தால் இந்த வசதி இருக்கிறது.


மதில்மேல் | புதன்

இழையை முழுக்கப் படித்தேன். மேப் கட்டத் தெரியாது, விளையாடுவேன், கோட்டைகளைப் பற்றி நிறைய வாசிப்பேன். நிலவறை அவர்கள் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு என்று நினைக்கிறேன்.

கோட்டைக்குள் வழிகள் குறைவு என்பது வெளியிலிருந்து வருகிறவனுக்கு. உள்ளே காவல் காப்பவனுக்குச் சுற்றி ஓட வழி இருந்தே ஆக வேண்டும், எந்தப் பக்கம் ஏணி போட்டாலும் அங்கே போய் நிற்க வேண்டுமே. ராசெஸ்டரையே எடுங்கள். சுவர் அடியில் மூன்றரை மீட்டருக்கு மேல் தடிமன், மேல்தளத்தில் அந்தத் தடிமனுக்குள்ளேயே குடைந்து கோபுரத்தைச் சுற்றி வரும் நடைவழி ஒன்று இருக்கிறது. பெரிய கூடத்தைச் சுவருக்குள் இருந்தபடியே மேலேயிருந்து பார்க்கலாம். இது உங்கள் மேப்பில் இல்லை! அக்கா கேட்ட சுற்றுவழி அதுதான். ஷாம்ப்ளர் கூடத்துக்கு மறைவிடமும் அதுதான்.

இரண்டாவது, கிணறு. அந்தக் கோபுரத்தில் கிணற்றுக் குழாய் குறுக்குச் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது, ஒவ்வொரு தளத்திலும் வாய் திறந்து அங்கிருந்தே தண்ணீர் இறைக்கலாம். நீங்கள் கிணற்றை அடித்தளத்தோடு நிறுத்திவிட்டீர்கள். குவேக்கில் தண்ணீரில் விழுந்தால் அடி படாது என்பது எனக்கே தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம். 1215-இல் அரசர் ஜானுக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்கள் இந்தக் கோட்டைக்குள் அடைந்துகொண்டார்கள். ஜான் முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகளால் கோபுரம் அசையவில்லை. ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தூண் முட்டுக் கொடுத்து, கொழுத்த பன்றி 40 அனுப்பச் சொல்லி ஆணை எழுதினார், சாப்பிட லாயக்கில்லாத ரகமே போதும் என்று. கொழுப்பை எரித்து முட்டுகளைக் கருக்கியதும் கோபுரத்தின் மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் பணியவில்லை. குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, கட்டடத்தின் மறு பாதியிலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள், கடைசியில் பசிதான் அவர்களை வெளியே கொண்டுவந்தது. பின்னர் அந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது வட்டமாகக் கட்டினார்கள். இன்றைக்கும் போய் நின்றால் மூன்று மூலைக் கோபுரம் சதுரம், ஒன்று மட்டும் வட்டம்.

நீங்கள் கட்டியது முழுசான கோட்டை, அதனால் ஒரே வழி. கோட்டைக்கு இரண்டாவது வழி முற்றுகையில்தான் பிறக்கிறது.


நிலவறை | புதன்

மதில்மேல் அவர்களே, அருங்காட்சியகம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சுவருக்குள் நடைவழி, கிணறு, இடிந்த மூலை மூன்றுமே நான் கேட்டதற்கான விடை, அதுவும் கோட்டைக்குள்ளிருந்தே வந்த விடை.

கல்தச்சன், இடிந்த மூலையைச் செய்வதென்றால் சில விஷயம் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். முழு மூலையை ஒரு ஃபங்க் வால் என்ற சுவர் என்டிட்டியாக வைத்து, சாவி எடுத்ததும் கில்டார்கெட் என்ற அமைப்பைக் கொண்டு நீக்கிவிட்டால் உள்ளே ஏற்கெனவே கட்டிவைத்த இடிபாடு வெளியே தெரியும். சுலபம். ஆனால் என்டிட்டியாக இருக்கும் சுவர் விஸ்ஸைத் தடுக்காது, எனவே மூலை மூடியிருக்கும்போதே இன்ஜின் முற்றத்தையும் கூடத்தையும் சேர்த்து வரையும். இந்தக் கால இன்ஜின்களுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் மேப் பழைய இன்ஜினின் எல்லைகளுக்குள் நிற்க வேண்டுமென்றால் கூடத்துக்கும் இடிபாட்டுக்கும் நடுவே வழியை ஒரு முறை வளைத்துவிடுங்கள்.

நிஜக் கோட்டைக்காரர்களும் வளைத்தார்கள். சிரியாவின் கிராக் தே ஷெவாலியே கோட்டையில் நுழைவுச் சரிவு கூரைக்குக் கீழே ஏறி ஊசி வளைவாகத் திரும்புகிறது. வேல்ஸில் 1295-இல் தொடங்கி முடிக்காமலே விட்ட பியூமாரிஸில் வெளிவாசலும் உள்வாசலும் ஒரே நேர்கோட்டில் இல்லை. வெளியில் நிற்பவன் கண்ணுக்கு உள்ளே இருப்பது தெரியாது. விஸ்ஸுக்கும் தெரியாது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய கொத்தனாரும் நாமும் ஒரே கணக்கைத்தான் போடுகிறோம் என்று இதைக் கட்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அடுத்தது ஒளி. என்டிட்டிச் சுவரின் நிழலைக் கம்பைலின்போது பூசிவிட்டால் சுவர் போன பிறகும் நிழல் அங்கேயே நிற்கும், வெளியே வானம் தெரியும் ஆனால் தரை இருட்டாக இருக்கும். நிழலைப் பூசாமல் விட்டால் மூடிய கூடத்துக்குள் வெயில் கசியும். நான் என்றால் நிழல் இல்லாமல் விட்டு, வெயில் படாத திசையில் இருக்கும் மூலையைத் தேர்ந்தெடுப்பேன். கூடுதல் வெளிச்சத்துக்கு இலக்குப் பெயர் வைத்த விளக்குகள் இரண்டு, அணைந்த நிலையில் தொடங்கட்டும், மூலை இடியும்போது எரியட்டும்.


கல்தச்சன் | வியாழன்

நேற்றிரவு தூங்கவில்லை. படுத்தாலும் கண்ணுக்குள் அந்த வட்டக் கோபுரம்தான்.

மதில்மேல், நீங்கள் சொன்ன மூன்றையும் செய்கிறேன். இவ்வளவு நாள் ராசெஸ்டரின் அளவை மட்டும் எடுத்தேன், அதற்கு நடந்ததை எடுக்கவில்லை.

கண் முன்னால் இடிவதை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மோட் இல்லாமல் கல் சிதறுவதை நன்றாகக் காட்ட முடியாது, கதவு மாதிரி நான்கு துண்டு கீழே நழுவினால் லிஃப்ட் போலத் தெரியும். தங்கச் சாவி உச்சியில். எடுத்ததும் கீழே எங்கோ நீண்ட உறுமல், கல் அரைபடும் சத்தம். ஆள் கிணற்று வாயில் குதிக்கிறான், நான்கு தளத்தையும் கடந்து தண்ணீரில் விழுகிறான், அடித்தளத்தில் எழுந்தால் மூலை இல்லை, வானம் தெரிகிறது, இடிபாட்டின் மேல் டெத் நைட்கள் ஏறி வருகிறார்கள். முதலில் கோட்டையைத் தாக்கியவன் இப்போது அதே கோட்டையைக் காக்க வேண்டும். குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கத்தான் ஆக வேண்டும்.


ஓகர்வேட்டை | வியாழன்

படிக்கும்போதே கை பரபரக்கிறது. ஒரு வேண்டுகோள். டெத் நைட்டுக்கு 250 ஹெல்த், ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் விடாதீர்கள், வரிசையாக வரட்டும். இரண்டு ஃபீண்ட் மிருகத்தைச் சேர்த்தால் அவை இடிபாட்டிலிருந்து பாய்ந்து விழும், ஓடுவதற்குக் காரணம் கிடைக்கும்.

வட்டப் படியை மட்டும் அகலப்படுத்த வேண்டாம். ஓகர், ஃபீண்ட், ஷாம்ப்ளர் எல்லாம் 64 யூனிட் பெட்டி, அந்தப் படிக்குள் அவற்றால் நுழைய முடியவில்லை. நைட் மட்டும்தான் துரத்தி வர முடிகிறது. அங்கே ஓடிப்போய் நின்று மூச்சு விட்டு, தோட்டாவை எண்ணிக்கொண்டு மறுபடி இறங்கினேன். நிஜத்தில் படியை வலமாகச் சுற்றிக் கட்டியது காவலனின் வாள் கைக்காக என்று சொல்வார்களே, அது உண்மையா மதில்மேல்?


மதில்மேல் | வியாழன்

அடிக்கடி சொல்லப்படுவது, ஆனால் உறுதியில்லை. இடமாகச் சுற்றும் படிகளும் நிறையக் கோட்டைகளில் இருக்கின்றன. எப்படியும் குவேக்கில் துப்பாக்கி திரையின் நடுவில் இருக்கிறது, எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான்.


சாம்பல்நிறம் | வெள்ளி

நிறம் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். குவேக்கின் நிறத் தட்டில் 256 நிறம், அதில் கடைசி 32 எந்த இருட்டிலும் மங்காது. மிச்சத்தில் பழுப்பு அதிகம். உங்கள் கோட்டையில் சுவர், தரை, கூரை, மரம் நான்குமே ஒரே பழுப்பு. பாலத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும் கோபுரம் உள்ளே போனதும் ஒரே சேறாகக் கலந்துவிடுகிறது. சுவருக்கு நீலம் கலந்த சாம்பல் கல், தரைக்குப் பழுப்பு, மூலைகளுக்கும் வாசல் வளைவுகளுக்கும் வெளிறிய கல் என்று பிரித்துப் பாருங்கள். மூலைக் கல் மாறினாலே கட்டடம் நிமிர்ந்து நிற்கும்.

அம்பு எய்யும் துளைகள் வழியே தரையில் ஒளிக்கீற்று விழ வேண்டும் என்று முயன்றிருக்கிறீர்கள், விழவில்லை, மங்கலான திட்டுதான் தெரிகிறது. ஒளியைச் சேமிக்கும் லைட்மேப்பில் ஒரு புள்ளி 16 யூனிட். உங்கள் துளை 8 யூனிட் அகலம். உட்பக்கம் நிஜத் துளையைப் போலவே விரியட்டும், ஆனால் வெளி வாயையும் 16 ஆக்குங்கள். அந்தத் தரைப் பகுதியின் டெக்ஸ்சரை மட்டும் பாதி அளவுக்குச் சுருக்கினால் அங்கே ஒளிப்புள்ளி நெருக்கமாகும், கீற்று கூர்மையாக விழும். எல்லா இடத்திலும் செய்யாதீர்கள், கூடத்தில் மட்டும்.


புதுச்செங்கல் | வெள்ளி

வானப் பெட்டியை எடுத்துவிட்டேன் அண்ணா. விஸ் நான்கு நிமிடத்தில் முடிந்தது. நம்ப முடியாமல் மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் நான்கு நிமிடம்தான்.


கல்தச்சன் | மூன்று வாரம் கழித்து, சனி

இரண்டாவது பதிப்பு இணைத்திருக்கிறேன். சொன்னதில் பெரும்பாலும் செய்துவிட்டேன்.

சுவருக்குள் நடைவழி வந்துவிட்டது. கூடத்தைச் சுற்றி வருகிறது, ஆறு இடத்தில் கூடத்தை நோக்கித் திறக்கிறது, ஷாம்ப்ளரை எங்கிருந்து வேண்டுமானாலும் சுட்டுவிட்டு நகரலாம், அதுவும் உங்களைத் தேடித் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒரு திறப்பிலிருந்து சங்கிலியில் தொங்கும் விளக்கின் மேல் குதித்தால் ஒரு ரகசியம். கிணறு நான்கு தளத்துக்கும் திறந்தாயிற்று, 32 யூனிட் சந்து அடைத்தாயிற்று. சுவர்கள் சாம்பல் கல், அகழிப் பக்கம் கீழ்வரிசைகளில் மட்டும் பாசி. அம்புத் துளை ஒளி இப்போது தரையில் கோடாக விழுகிறது, நன்றி சாம்பல்நிறம்.

இடிந்த மூலைதான் அதிக நாள் எடுத்தது. முதலில் இடிபாட்டை அழகாகக் கட்டினேன், அதன் மேல் ஏற முடியவில்லை. சாய்ந்த பிரஷ்களில் கால் மாட்டியது. டெத் நைட்களும் மேலே வராமல் கீழேயே நின்றார்கள். ஒரு படி 18 யூனிட்டுக்கு மேல் போனால் அவர்களால் ஏறவும் முடியாது, இறங்கவும் மாட்டார்கள். கடைசியில் கண்ணுக்குத் தெரியும் கற்களுக்குள்ளே தெரியாத ஒரு சரிவை கிளிப் பிரஷால் போட்டு மூடினேன். இப்போது ஓடியே ஏறலாம். இடிபாட்டுக்கு அடியில் சுரங்கம் இருக்கிறது, கரிந்த மரத்தூண்கள் நிற்கின்றன. அது அகழிக்குப் போய்த் திறக்கிறது, அங்கிருந்து தேவாலயம்.

நிலவறை அக்கா, நடைவழியின் ஒரு முனையை முற்றத்து மதிலோடு இணைக்கச் சொல்லித் தனியாக எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் செய்யவில்லை. கோபுரத்துக்குள் ஏறிவிட்டால் மூலை இடிகிற வரை வெளியே வர வழி இல்லை என்பது இருக்கட்டும் என்று விட்டேன்.


நிலவறை | ஞாயிறு

நார்மலில் விளையாடினேன். இணைக்காமல் விட்டது சரிதான். அடைபட்டுக் கிடந்த பிறகு அந்த மூலையில் வானம் தெரிந்ததும் என்னை அறியாமல் நின்றுவிட்டேன், ஒரு ஃபீண்ட் வந்து மேலே விழுகிற வரை. குறுக்குச் சுவர் வாசலில் நின்று கடைசி ஆறு நெய்ல் (ஆணித் தோட்டா) வரைக்கும் சுட்டேன்.

கிணற்றில் விழுந்து எழும் இடத்தில் ஏறுவதற்கு ஒரு விளிம்பு கொடுங்கள். தண்ணீரிலிருந்து மேலே தாவ இரண்டு மூன்று முயற்சி ஆகிறது, அந்த நேரத்தில் கிணற்றுக்குள் தலையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்துவது வேகத்தைக் கெடுக்கிறது.


ஓகர்வேட்டை | ஞாயிறு

ஹார்டில் 41 நிமிடம், நான்கு சாவு, எல்லாம் இடிந்த மூலையில்தான். மூன்று ரகசியமும் எடுத்துவிட்டேன். இந்தத் தடவை திரும்பி நடந்த நினைவே இல்லை.

என் தம்பி மகனை ஈஸியில் விளையாட வைத்தேன், அவன் கண்டுபிடித்தது ஒன்று. சுரங்கத்தில் ஈஸியிலும் இரண்டு ஜாம்பி வருகின்றன. கிரெனேட் லாஞ்சர் அடித்தள ரகசிய அறையில் இருக்கிறது, அவன் அதை எடுக்கவில்லை. வெடிக்கிற ஆயுதம் இல்லாமல் ஜாம்பி சாகாது, சுட்டால் விழுந்து விழுந்து எழுகிறது, அந்தக் குறுகலான இடத்தில் தாண்டிப் போகவும் முடியவில்லை. பாவம், பத்து நிமிடம் அங்கேயே நின்றான்.


கல்தச்சன் | ஞாயிறு இரவு

ஐயோ, ஈஸியில் வராமலிருப்பதற்கான தேர்வை அந்த இரண்டு ஜாம்பிக்கும் போட மறந்திருக்கிறேன். இப்போதே எடுத்துவிட்டேன். கிரெனேட் லாஞ்சரையும் எல்லா நிலைக்கும் சுரங்க வாயிலேயே ஒன்று வைக்கிறேன், ரகசிய அறையில் அதற்குப் பதில் குவாட் டேமேஜ் (அடியை நான்கு மடங்காக்கும் பொருள்). கிணற்று விளிம்பும் சேர்த்தாயிற்று, 16 யூனிட் உயரத்தில் இரண்டு படி. கம்பைல் ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் முதல் பதிவில் மாற்றிவிடுகிறேன். தம்பி மகனிடம் சொல்லுங்கள், சேவ் செய்த இடத்திலிருந்து வேண்டாம், பாலத்திலிருந்தே தொடங்கட்டும்.